அஞ்சல் பாதையில் ஏஜென்ட்களுக்கு இடம் குறித்தல்

மின்னஞ்சல் அமைப்பு ஒன்றைத் திட்டமிடும் கூட்டங்களில், வைரஸ் தேடும் ஏஜென்ட்டையோ (ஏஜென்ட் என்பது சர்வரில் தானாக ஓடும் துணை மென்பொருள்) ஸ்பேம் வடிகட்டும் ஏஜென்ட்டையோ எங்கே நிறுவுவது என்ற பேச்சு வந்தால், முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "எந்த சர்வரில் நினைவகம் மிச்சமிருக்கிறது?" என்பதுதான். வன்பொருள் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது இயல்பான கேள்வியே. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையை மட்டும் வைத்து நிறுவப்படும் ஏஜென்ட் ஓடும், பதிவுக் கோப்பில் வரிகளை எழுதும், செய்ய வேண்டிய வேலையை மட்டும் செய்ய முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். அஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கேட்பவை வேறு இரண்டு கேள்விகள். அந்த இடத்தில் நிற்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு மடலைப் பற்றி என்னென்ன தெரியும்? தெரிந்ததை வைத்து அதனால் இன்னும் என்ன செய்ய முடியும்?

இவ்விரண்டுக்கும் விடை காண, மடல் போகும் பாதையை முதலில் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். 2009-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5598 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்தப் பாதையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது: பயனரின் மென்பொருள் மடலைச் சமர்ப்பிக்கும் இடம், சர்வரிலிருந்து சர்வருக்கு அது கடத்தப்படும் இடம், இறுதியில் அஞ்சல்பெட்டியில் சேர்க்கப்படும் இடம். சமர்ப்பிப்புக்கு 587 அல்லது 465 என்ற போர்ட் (சர்வர் இணைப்பை ஏற்கும் வாசலின் எண்), சர்வர்களுக்கிடையே கடத்த 25 என்ற போர்ட். சிறிய நிறுவனத்தில் இவை அனைத்தும் ஒரே இயந்திரத்தில் ஓடலாம். பெரிய நிறுவனத்தில் ஒவ்வொன்றுக்கும் பல இயந்திரங்கள் இருக்கலாம். ஆகவே வரைபடத்தில் குறிக்க வேண்டியது இயந்திரங்களின் பெயர்களை அல்ல, வேலைகளை. ஒரே இயந்திரத்துக்குள்ளேயே ஏஜென்ட் தவறான இடத்தில் நிற்க முடியும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வரைபடத்தில் நான் தடித்த கோடாகப் போடுவது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் சர்வர் "ஏற்றுக்கொண்டேன்" என்று பொருள்படும் 250 என்ற பதிலைச் சொல்லும் இடம். சர்வர்கள் மடலைக் கைமாற்றிக்கொள்ளும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் உரையாடலில் அனுப்பும் சர்வர் மடலின் உள்ளடக்கம் முழுவதையும் கொடுத்து, தனியாக ஒரு புள்ளியிட்டு முடித்ததும், பெறும் சர்வர் 250 என்று சொன்னால் அந்த மடலுக்கான பொறுப்பு கைமாறிவிடுகிறது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட பிறகு அது எனக்கு வரவேயில்லை என்று சொல்ல முடியாததைப் போலத்தான் இதுவும். 2008-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321 இதில் கண்டிப்பாக இருக்கிறது: ஏற்றுக்கொண்ட சர்வர் அந்த மடலைச் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது சேர்ப்பிக்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும், அற்பக் காரணங்களுக்காக அதைத் தொலைத்துவிடக் கூடாது.

இந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கும் ஏஜென்ட், மடல் பிடிக்கவில்லை என்றால் 550 என்று சொல்லி மறுக்கலாம். மறுத்த செய்தியை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் வேலை அனுப்பும் சர்வருடையது; நம் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. கோட்டுக்குப் பின்னால் நிற்கும் ஏஜென்ட்டுக்கோ நல்ல வழி எதுவும் இல்லை. திருப்பி அனுப்பினால், ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியாக இருக்கும் என்பதால், சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் அந்த அறிவிப்பு விழும். அப்படி ஆயிரக்கணக்கில் அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி விரைவில் தடைப்பட்டியல்களில் ஏறிவிடும். சத்தமில்லாமல் அழித்தால், தவறுதலாகப் பிடிபட்ட நல்ல மடல் ஒன்று யாருக்கும் தெரியாமல் மறைந்துபோகும். தனிமைப்படுத்தி வைத்தால், அந்தக் குவியலைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும், பார்க்க மாட்டார். ஆகவே மறுக்கும் அதிகாரம் கொண்ட ஏஜென்ட் எதுவானாலும் அதை 250-க்கு முன்னால் வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை.

முடியுமா என்பது எப்போதும் எளிய கேள்வி அல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் வடிகட்டியை இணைக்க மூன்று வழிகள் உண்டு. content_filter என்ற அமைப்பின்படி மடல் முதலில் 250 சொல்லி வரிசையில் ஏற்கப்பட்டு, பிறகு வடிகட்டிக்குப் போய்த் திரும்பி வரும்; அமாவிஸ் போன்ற மென்பொருள் 10024 என்ற போர்ட்டில் வாங்கி 10025-இல் திருப்பிக் கொடுக்கும் பழைய ஏற்பாடு இதுதான். smtpd_proxy_filter என்ற அமைப்பில் வரிசைக்கு முன்பே வடிகட்டப்படும். 2006-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து, முதலில் சென்ட்மெயில் என்ற மற்றொரு அஞ்சல் சர்வருக்காக உருவான மில்டர் முறையும் சேர்ந்துகொண்டது. அதுவும் உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே தீர்ப்புச் சொல்லும். வரிசைக்குப் பின் வடிகட்டுவதில் ஒரு நிம்மதி இருப்பதை மறுக்க மாட்டேன்: ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் வந்தாலும் மடல்கள் வரிசையில் காத்திருக்கும், வடிகட்டி தன் வேகத்தில் வேலை செய்யும். வரிசைக்கு முன் வடிகட்டினால் ஒவ்வொரு இணைப்பும் வடிகட்டியின் பதிலுக்காகத் திறந்தே காத்திருக்கும். முடிவுப் புள்ளிக்குப் பிறகு அனுப்பும் சர்வர் 10 நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. ஆனால் அவ்வளவு பொறுமை எல்லா சர்வர்களுக்கும் இருக்கும் என்று நம்பித் திட்டமிட மாட்டேன். பெரிய இணைப்புக் கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் வைரஸ் ஏஜென்ட் அங்கே நிற்கப்போகிறது என்றால், உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை மடல்களை அது தாங்கும் என்பதை நிறுவும் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவகக் கணக்கு திட்டத்துக்குள் வர வேண்டிய இடம் இதுதான்.

இனி, ஏஜென்ட்டுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி. உலகத்தை நோக்கி நிற்கும் எல்லை சர்வருக்கு மட்டுமே தெரிந்த உண்மை ஒன்று உண்டு: இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பது. அது நேரடியாகப் பார்த்த உண்மை. அதற்குப் பின்னால் நிற்கும் சர்வர்களுக்கெல்லாம் அது மடலின் தலைப்பில் எழுதப்பட்ட ஒரு தகவல் மட்டுமே. அனுப்புநர் முகவரியின் பெயரில் மடல் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை, இணைக்கும் ஐபி முகவரியை வைத்தே நடக்கிறது. தடைப்பட்டியல்களும் அப்படியே. இவற்றைச் செய்யும் ஏஜென்ட்டை எல்லைக்கு ஒரு படி உள்ளே நிறுவினால், உலகிலிருந்து வரும் எல்லா மடல்களும் உங்களுடைய எல்லை சர்வரின் முகவரியிலிருந்து வருவதாகவே அதற்குத் தோன்றும். விளைவு, ஒன்று எல்லாமே தேறும், அல்லது எல்லாமே தோற்கும். ஒரு நிறுவனத்தில், அனுப்புநரின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் ஏஜென்ட் ஒன்று உள் சர்வரில் நின்றுகொண்டு, தங்கள் சொந்த எல்லை சர்வரையே மோசமான அனுப்புநராக மதிப்பிட்டு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் பார்வையிலிருந்து பார்த்தால் அந்த முடிவு சரியானதே.

உள்ளே வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் சில நேரம் வரும். அப்போது எந்தெந்த முகவரிகள் நம்முடையவை என்பதை ஏஜென்ட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் Set-TransportConfig கட்டளையின் InternalSMTPServers என்ற பட்டியலும், ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டியில் trusted_networks என்ற அமைப்பும் இதற்கானவையே: மடல் கடந்து வந்த வழியைக் காட்ட நம்முடைய சர்வர்கள் எழுதிய Received வரிகளைத் தாண்டி, வெளியிலிருந்து வந்த முதல் முகவரியை ஏஜென்ட் தேடிப் பிடிக்க அவை உதவுகின்றன. வெளி நிறுவனம் ஒன்றின் மேகக் கணிமை வடிகட்டியை முன்னால் வைத்துக்கொள்பவர்கள் இதை மறந்தே போகிறார்கள். மடல் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று உலகுக்குச் சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றிய அந்த நாளிலேயே எல்லை இடம் பெயர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஏஜென்ட்களின் பட்டியல் மட்டும் பழைய எல்லையை நம்பிக்கொண்டிருக்கிறது.

எல்லைக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: யாரெல்லாம் இந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்பது. இல்லாத பெறுநருக்கு வரும் மடலை, பெறுநர் முகவரி சொல்லப்படும் RCPT TO கட்டத்திலேயே மறுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான வடிகட்டல், ஏனென்றால் உள்ளடக்கம் இன்னும் வந்து சேரவேயில்லை. ஆனால் அதற்குப் பெறுநர் பட்டியல் எல்லையில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் முழு அடைவையும் உலகத்தை நோக்கி நிற்கும் இயந்திரத்தில் வைக்க எந்தப் பாதுகாப்புப் பொறுப்பாளரும் சம்மதிக்க மாட்டார். எக்ஸ்சேஞ்ச் 2007-இல் எட்ஜ் டிரான்ஸ்போர்ட் என்ற தனிப் பாத்திரத்தைக் கொண்டுவந்தபோது மைக்ரோசாஃப்ட் இதற்குக் கண்ட தீர்வு எனக்குப் பிடித்த ஒன்று. எட்ஜ் சர்வர் நிறுவனத்தின் உள் வலையமைப்பின் டொமைனில் சேர வேண்டியதில்லை. தேவையான தகவலின் நகல் மட்டும், பெறுநர் முகவரிகள் ஹாஷ் செய்யப்பட்ட (மூலத்தைப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) வடிவில், எட்ஜ்சிங்க் என்ற சேவை வழியாக 50636 என்ற போர்ட்டில் உள்ளிருந்து வெளியே அனுப்பப்படுகிறது. இணைப்பைத் தொடங்குவது எப்போதும் உள் சர்வர்தான். வேறு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் இதே எண்ணத்தை ஒரு சிறிய ஸ்கிரிப்டால் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

முதன்மை சர்வர் கிடைக்காதபோது மடலை வாங்கிவைக்க இரண்டாம் நிலை எம்எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். முதன்மை சர்வரில் உள்ள அதே ஏஜென்ட்களும் அதே பெறுநர் பட்டியலும் அதிலும் இல்லையென்றால், அந்த சர்வரை எடுத்துவிடுவதே மேல். ஸ்பேம் அனுப்புபவர்கள் முன்னுரிமை குறைந்த எம்எக்ஸைத் தேடி வருவது பழைய பழக்கம்; அது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு முதன்மை சர்வருக்குக் கொண்டுவரும், முதன்மை சர்வர் மறுக்கும், 250 சொல்லிவிட்ட இரண்டாம் சர்வர் போலி முகவரிகளுக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், அதன் டிரான்ஸ்போர்ட் ஏஜென்ட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். இடம் பற்றிய கேள்வி அங்கே மிகவும் வெளிப்படையாகத் தெரிகிறது. எக்ஸ்சேஞ்ச் 2016 முதல் மெயில்பாக்ஸ், எட்ஜ் என்ற இரண்டு பாத்திரங்களே உள்ளன. மெயில்பாக்ஸ் சர்வருக்குள் 25-ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருப்பது ஃப்ரன்ட் எண்ட் டிரான்ஸ்போர்ட் என்ற சேவை. அது மடலை வரிசையில் வைப்பதில்லை, உள்ளடக்கத்தைப் பார்ப்பதுமில்லை, பின்னால் உள்ள டிரான்ஸ்போர்ட் சேவைக்குக் கடத்திவிடுகிறது. Install-AntispamAgents.ps1 என்ற ஸ்கிரிப்டை மெயில்பாக்ஸ் சர்வரில் ஓட்டினால் உள்ளடக்க வடிகட்டி, அனுப்புநர் வடிகட்டி போன்றவை வந்து சேரும். ஆனால் இணைப்பு வடிகட்டும் ஏஜென்ட்டும் இணைப்புக் கோப்புகளை வடிகட்டும் ஏஜென்ட்டும் எட்ஜில் மட்டுமே கிடைக்கும். இணைப்பு வடிகட்டிக்குத் தேவைப்படும் அந்த நேரடி ஐபி முகவரி டிரான்ஸ்போர்ட் சேவையின் முன்னால் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இதில் விற்பனைத் தந்திரம் எதுவும் இல்லை என்பது புரியும்.

பெறுநர் வடிகட்டியோ இன்னும் வினோதமானது. அது மெயில்பாக்ஸ் சர்வரிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அதை அமைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. பல பெறுநர்கள் உள்ள ஒரு மடலில் ஒருவர் மட்டும் செல்லாதவராக இருந்தாலும் முழு மடலுமே மறுக்கப்பட்டுவிடும் என்பதே காரணம். அதே ஏஜென்ட், அதே அமைப்பு, எட்ஜில் சரியாக நடந்துகொள்கிறது.

இங்கிருந்து எஸ்எம்டிபியின் அடிப்படைக் குணம் ஒன்றுக்குப் போகலாம். ஒரு மடலுக்கு எத்தனை பெறுநர்கள் இருந்தாலும், உள்ளடக்கம் வந்து முடிந்த பிறகு சொல்லக் கிடைப்பது ஒரே ஒரு பதில். பத்துப் பெறுநர்களில் ஒருவர் மட்டும் இந்தச் செய்திமடலை விரும்பவில்லை என்றால், எல்லையில் நிற்கும் ஏஜென்ட்டால் அவருக்கு மட்டும் மறுக்க வழியில்லை. 1996-இல் ஆர்எஃப்சி 2033 வரையறுத்த எல்எம்டிபி இந்த இடத்தில்தான் மாறுபடுகிறது: அது ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். ஆனால் அது சேர்ப்பிக்கும் கட்டத்துக்கான நெறிமுறை. ஆகவே தனிமனித விருப்பங்கள், கோப்புறையில் அடுக்குதல், விடுப்பு அறிவிப்பு ஆகியவற்றைக் கையாளும் ஏஜென்ட்கள் சேர்ப்பிக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். டோவ்காட் என்ற அஞ்சல்பெட்டி சர்வரில், மடல்களை வகைப்படுத்தும் சீவ் விதிகள் அங்கே ஓடுவதும் அதனால்தான். நிறுவனம் முழுவதற்குமான கொள்கை எல்லையில், தனிநபர் விருப்பம் சேர்ப்பிக்கும் இடத்தில் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி, ஏஜென்ட்கள் ஒன்றையொன்று எந்த வரிசையில் பின்தொடர்கின்றன என்பதில் இருக்கிறது. அனுப்பும் நிறுவனத்தின் சர்வர் இடும் டிகிம் என்ற மின் கையொப்பம் மடலின் உடலையும் தேர்ந்தெடுத்த தலைப்புகளையும் காப்பது; கையொப்பமிட்ட பிறகு உடலில் ஒரு வரி சேர்ந்தாலும் கையொப்பம் பொதுவாக முறிந்துவிடும். ஆனால் சட்டத் துறையினர் கேட்கும் அடிக்குறிப்பைச் சேர்க்கும் ஏஜென்ட்டை, கடைசி நேரத்தில், வெளியேறும் எல்லை சர்வரிலேயே நிறுவுவது வழக்கமாக நடக்கிறது. வெளியே போகும் மடலுக்குச் சரியான வரிசை: அடிக்குறிப்பு முதலில், ரகசியத் தகவல் கசிகிறதா என்று பார்ப்பது அடுத்து, மறையாக்கம் செய்வதாக இருந்தால் அதற்குப் பிறகு, கையொப்பம் எல்லாவற்றுக்கும் கடைசியில். உள்ளே வரும் மடலுக்கு இதன் தலைகீழ்: கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே "வெளியிலிருந்து வந்த மடல்" என்ற எச்சரிக்கை வரியைச் சேர்க்கும் ஏஜென்ட் அதைத் தொட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் கையொப்பமிடும் மில்டரை smtpd_milters வரியில் மட்டும் எழுதிவிட்டு, அந்த சர்வரிலேயே ஸ்கிரிப்ட்கள் அனுப்பும் மடல்களுக்கான non_smtpd_milters வரியை விட்டுவிடுபவர்கள் உண்டு. இந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கிய நாளில்தான் அந்த மடல்கள் பல இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெரியவரும்.

எல்லை ஏஜென்ட் தன் தீர்ப்பை ஒரு தலைப்பு வரியாக எழுதி வைப்பதும், உள்ளே நிற்கும் ஏஜென்ட் அதை நம்பி நடப்பதும் நல்ல வேலைப் பிரிவினை. ஒரு நிபந்தனை மட்டும்: வெளியிலிருந்து வரும் மடலில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தால் எல்லை அதை நீக்கிவிட வேண்டும். Authentication-Results தலைப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 8601 இதை வெளிப்படையாகவே கேட்கிறது. இல்லையென்றால், "வைரஸ் இல்லை" என்று அனுப்புபவரே எழுதிக்கொண்டு வரும் சான்றிதழை நம்பியதாகிவிடும்.

எல்லையில் எல்லாம் சரியாக இருந்தாலும், எல்லையைத் தொடாத மடல்கள் இருக்கின்றன. ஒரு பயனர் தன் சக ஊழியருக்கு அனுப்பும் மடல் 587-இல் நுழைந்து, அதே சர்வரின் பெட்டியில் விழுந்துவிடலாம். கடவுச்சொல் திருடப்பட்ட ஒரு கணக்கிலிருந்து தாக்குதல் பரவுவது இந்த வழியில்தான். எக்ஸ்சேஞ்சில் ஒரே தரவுத்தளத்தில் உள்ள இரு பெட்டிகளுக்கிடையே போகும் மடலும் டிரான்ஸ்போர்ட் சேவையைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால், வைரஸ் ஏஜென்ட் அங்கே இருந்தால் அதையும் பார்த்துவிடும். மற்ற அமைப்புகளில் சமர்ப்பிக்கும் சேவைக்கும் அதைத் தனியாக இணைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எத்தனை மடல் அனுப்பலாம் என்ற வரம்பை வைக்கும் ஏஜென்ட்டுக்கும் இதுவே இடம், ஏனென்றால் உள்நுழைந்த பயனர் யார் என்பது உறுதியாகத் தெரிவது இங்கே மட்டும்தான். காப்பகத்துக்கு நகலெடுக்கும் ஏஜென்ட் மட்டும் குழு முகவரிகள் விரிக்கப்பட்ட பிறகு நிற்க வேண்டும். விரிக்கும் முன் எடுத்த நகலில், மடல் யார் யாருக்குப் போனது என்ற பதில் இருக்காது.

ஏஜென்ட் விழுந்தால் என்ன நடக்கும் என்பதும் இடத்தைப் பொறுத்ததே. மில்டர் பதில் சொல்லவில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்புநிலை tempfail: தற்காலிகமாக மறுத்து, அனுப்பும் சர்வரைப் பிறகு வரச் சொல்லும். எல்லையில் இது சரியான நடத்தை, ஏனென்றால் வெளி சர்வர் பல நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். சமர்ப்பிக்கும் போர்ட்டிலோ அதே நடத்தை, ஒரு மனிதரின் திரையில் பிழைச் செய்தியாக வந்து நிற்கும். ஒரே ஏஜென்ட்டை இரண்டு இடங்களிலும் இணைக்கும்போது, விழும் விதத்தை இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாகத் தீர்மானிப்பது என் வழக்கம்.

மடலைத் தொடாமல், இயந்திரத்தில் மட்டும் வாழும் ஏஜென்ட்களும் இருக்கின்றன. கோப்புகளை ஸ்கேன் செய்யும் வைரஸ் ஏஜென்ட்டை நிறுவனத்தின் எல்லா சர்வர்களிலும் ஒரே கொள்கையோடு நிறுவுவது பாதுகாப்புத் துறையின் வழக்கம். அஞ்சல் சர்வரில் வரிசைக் கோப்புறையையும் அஞ்சல்பெட்டித் தரவுத்தளத்தையும் அதிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். தரவுத்தளக் கோப்பு ஒன்றை அது பூட்டினாலோ தனிமைப்படுத்தினாலோ, ஒரு கெட்ட மடலுக்குப் பதிலாக எல்லோருடைய பெட்டியும் போய்விடும்.

கண்காணிப்பு ஏஜென்ட்டைப் பொறுத்தவரை, சர்வருக்குள் உட்கார்ந்து வரிசையின் நீளத்தையும் வட்டின் நிரப்பையும் எண்ணுவது ஒன்று, வெளியே ஒரு வலையமைப்பிலிருந்து சோதனை மடல் அனுப்பி அது பெட்டியில் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும். முதலாவது எதுவும் தேங்கவில்லை என்று சொல்லும் அதே நேரத்தில், எம்எக்ஸ் பதிவு தவறாகி மடல்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். வரிசை காலியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்தானே. அந்தச் சோதனை மடலுக்கு வடிகட்டிகளில் விலக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, மற்ற மடல்கள் போகும் வழியிலேயே அதுவும் போக வேண்டும். அது வந்து சேரவில்லை என்ற எச்சரிக்கையை மட்டும் குறுஞ்செய்தியாகவோ தொலைபேசி அழைப்பாகவோ அனுப்பும்படி அமையுங்கள். அதை மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைத்திருக்கும் நிறுவனங்களை இன்றும் பார்க்கிறேன்.